அன்னதானத்துக்கு எதற்கு அனுமதி? பௌர்ணமி கிரிவலத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

சித்திரைப் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் நெருங்கும்போது திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வரும். கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்ய விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். பாதையோரம் அடுப்பு மூட்டிச் சமைக்கக் கூடாது. குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் மட்டுமே கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடாது. இப்படிப் போகும் அந்தப் பட்டியல்.

செய்தி வந்த கையோடு கேள்விகளும் கிளம்பும். "சோறு போடுறதுக்குமா லைசென்ஸ்?" என்பார்கள் சிலர். "வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள், இங்கே ஆதார் நகல் கேட்கிறார்களே" என்று அலுத்துக்கொள்வார்கள் வேறு சிலர். கேள்விகளில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த விவாதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன: உணவு கெட்டுப்போவது, கூட்டம் நெரிவது, குப்பை சேர்வது. பிரித்துப் பார்த்தால் எந்த விதி எதற்காக என்பது புரியும். எல்லோரும் ஏன் ஒரே நாளில், ஒரே இடத்தில் கொடுக்க வருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

## பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் நேரம்தான் ஒரு திதி. அந்தக் கோணம் 168 பாகையிலிருந்து 180 பாகைக்குப் போகும் நேரம் பௌர்ணமித் திதி. சந்திரனின் பாதை சரியான வட்டம் இல்லை. அது சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் நகர்வதால், ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 27 மணி நேரம் வரையும் நீளலாம். எனவே பௌர்ணமி பெரும்பாலும் இரண்டு ஆங்கிலத் தேதிகளைத் தொட்டுக்கொண்டே வரும். கோயில் ஒவ்வொரு மாதமும் "கிரிவலம் வர உகந்த நேரம்" என்று மணிக்கணக்கோடு அறிவிப்பது இதனால்தான்.

இதற்கும் அன்னதானத்துக்கும் என்ன சம்பந்தம்? திதி 24 மணி நேரம் இருந்தாலும் சித்திரை வெயிலில் பகலில் நடப்பவர்கள் குறைவு. தார்ச்சாலை கொதிக்கும், நடப்பதோ வெறுங்காலில். ஆக, மாலை ஐந்து மணிக்கு மேல் விடிகாலை வரை உள்ள நேரத்துக்குள் மொத்தக் கூட்டமும் வந்து சேர்கிறது. கொடுப்பவர்களும் அதே நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கார்த்திகை தீபத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தீபம் ஏற்றுவது கார்த்திகை நட்சத்திரத்தை வைத்து, கிரிவலம் போவது பௌர்ணமித் திதியை வைத்து. இரண்டும் எல்லா ஆண்டும் ஒரே நாளில் விழுவதில்லை. விழாத ஆண்டுகளில் தீபத்தன்று ஒரு கூட்டம், பௌர்ணமிக்கு ஒரு கூட்டம் என்று அடுத்தடுத்து வரும்.

## சித்திரைப் பௌர்ணமியில் தானம் ஏன்?

சித்திரை மாதப் பௌர்ணமி சித்திரகுப்தருக்கு உரிய நாள். எமனின் சபையில் மனிதர்களின் பாவ புண்ணியக் கணக்கை எழுதுபவர் அவர். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. அன்று வீடுகளில் ஏடும் எழுத்தாணியும் வைத்து வழிபடும் வழக்கம் உண்டு. அப்போது சொல்லும் வேண்டுதல் பலருக்குத் தெரிந்திருக்கும்: மலையளவு செய்த பாவத்தைக் கடுகளவாகவும், கடுகளவு செய்த புண்ணியத்தை மலையளவாகவும் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது. கணக்குப்பிள்ளையிடம் கொஞ்சம் சலுகை கேட்பதுதான் அது.

தாயை இழந்தவர்கள் சித்திரைப் பௌர்ணமியிலும், தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும் விரதம் இருப்பது ஈழத்தமிழர்களிடம் அழுத்தமான வழக்கம். யாழ்ப்பாணக் கோயில்களில் சித்திரபுத்திர நாயனார் (சித்திரகுப்தர்தான்) கதை படித்துச் சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். தமிழ்நாட்டில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதும் இந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான். அழகர் வரும் வழி நெடுக நீர்மோரும் பானகமும் விசிறியும் கொடுப்பார்கள். இறந்தவர் பெயரால் ஒரு கஞ்சி, வெயிலில் வருபவருக்கு ஒரு குவளை மோர் என்று சிறிய அளவில், தெரிந்த தெருவில் நடந்துவந்த தானம் இது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது இரண்டு பக்கமும் தெரியும். கஞ்சி புளித்திருந்தால் மறுநாள் கோயில் வாசலிலேயே கேட்டுவிடுவார்கள்.

திருவண்ணாமலையில் மாறிப்போனது இந்தச் சிறிய அளவுதான். மலையைச் சுற்றிய பாதை சுமார் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள், அடி அண்ணாமலை, வழியெங்கும் ஆசிரமங்கள். முன்பு உள்ளூர்க்காரர்களும் சாதுக்களும் சுற்றிய பாதைக்குக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மாதந்தோறும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சிறப்புப் பேருந்துகளில் மக்கள் வருகிறார்கள். கொடுப்பவர்களும் வெளியூர்தான். மினி லாரியில் அண்டாக்களோடு வருவார்கள், இரண்டு மணி நேரத்தில் கொடுத்து முடித்துக் கிளம்பிவிடுவார்கள். நள்ளிரவில் ஒருவருக்கு வாந்தி எடுத்தால், அந்தச் சாம்பார் சாதம் யார் கொடுத்தது என்று கேட்க அங்கே ஆள் இருக்காது.

பதிவு கேட்பதன் அடிப்படைக் காரணம் இதுதான். தானத்துக்கு அது வரியும் இல்லை, பக்திக்குப் பரீட்சையும் இல்லை. கொடுத்தவருக்கு ஒரு முகவரி இருக்க வேண்டும், அவ்வளவே. கணக்கு எழுதுபவரின் திருநாளில் பதிவேட்டைக் கண்டு கோபப்படுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

## சட்டம் சொல்வது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பதிவு என்பது வேறு, இட அனுமதி என்பது வேறு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது. எந்த இடத்தில், எத்தனை மணிக்குள், எந்த வழியாக வண்டி வரலாம் என்பது மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்வது. முதலாவது நாடு முழுக்க ஒன்றுதான். இரண்டாவது ஒவ்வொரு விழாவுக்கும் மாறும்.

மத்தியச் சட்டம் என்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். அதில் நம் விஷயத்துக்கு வேண்டியவை இவை:

1. லாபம் இல்லாவிட்டாலும் அது உணவுத் தொழில்தான். 'உணவுத் தொழில்' என்பதற்கான விளக்கத்திலேயே லாப நோக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு செய்தாலும் தனியார் செய்தாலும் என்று இருக்கிறது. "நாங்கள் விற்கவில்லையே" என்ற வாதம் இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது.

2. இலவசமாகச் சாப்பிட்டவரும் நுகர்வோர்தான். நுகர்வோர் யார் என்று சொல்லும் பிரிவு விலை கொடுத்து வாங்குவதோடு நிற்கவில்லை, உணவைப் பெறுவதையும் சேர்த்தே பேசுகிறது. காசு கொடுக்காததால் பாதுகாப்பைக் கேட்கும் உரிமை போய்விடாது. இந்தச் சட்டத்தில் பாராட்ட வேண்டிய வரி இது. தானம் வாங்குபவரை நாம் பொதுவாக அப்படிப் பார்ப்பதில்லை.

3. உரிமமும் பதிவும் ஒன்றல்ல. பெரிய தயாரிப்பாளர்களுக்கு உரிமம். சிறு வியாபாரி, தள்ளுவண்டிக்காரர், தற்காலிகக் கடைக்காரர் போன்றவர்களுக்கு வெறும் பதிவு. 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் சமய, சமூக நிகழ்ச்சிகளில் உணவு வழங்குபவரை இந்தச் சிறு வகையில்தான் வைக்கின்றன. ஃபாஸ்கோஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கேட்டரிங்காரர் இந்தச் சலுகைக்குள் வரமாட்டார். பணம் நம்முடையது, சமையல் கேட்டரிங்காரருடையது என்றால் அவரிடம் அவருக்கான உரிமமோ பதிவோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நம் வேலை.

4. இழப்பீடு. உணவால் உயிரிழப்பு ஏற்பட்டால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை. கொடுத்தவர் யாரென்றே தெரியாத இடத்தில் இந்தப் பிரிவு இருந்தும் பயனில்லை.

சரி, கையில் நாலு வாழைப்பழத்தோடு போய் ஒரு சாதுவிடம் கொடுப்பவருக்கும் இதெல்லாம் உண்டா? நடைமுறையில் கேள்வி எழுவது அண்டா வைத்துச் சமைத்த உணவைப் பரிமாறுகிறவர்களிடம்தான். பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுப்பவரை யாரும் தேடி வருவதில்லை.

## அண்டாவுக்குள் நடப்பது

சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சூடாக இருந்தால் 60 டிகிரி செல்சியசுக்கு மேல், குளிரில் வைத்தால் 5 டிகிரிக்குக் கீழ். உலக சுகாதார அமைப்பு சொல்லும் எளிய விதி இது. நடுவில் உள்ள வெப்பநிலைதான் ஆபத்தான பகுதி.

இப்போது கிரிவல அன்னதானத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். வெளியூர்க் குழு மதியம் பன்னிரண்டு மணிக்குச் சமைத்து முடிக்கிறது. அண்டாவை வண்டியில் ஏற்றி, போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து வந்து, இடம் பிடித்து, பரிமாறத் தொடங்கும்போது மணி ஆறு. கடைசித் தொன்னை போகும்போது ஒன்பது. ஒரு கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்பது சமையல்காரர்கள் போடும் உத்தேசக் கணக்கு. ஆயிரம் பேருக்கு நூறு கிலோ அரிசி. அவ்வளவு பெரிய அண்டாவில் மேலே கை வைத்தால் ஆறியிருக்கும், நடுவே இளஞ்சூடு மணிக்கணக்கில் தங்கும். கிருமிகளுக்குப் பிடித்த சூடு அது.

சோற்றைப் பொறுத்தவரை முக்கியமான ஆள் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அரிசியோடு அதன் வித்துகள் வரும். கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு சூட்டுக்கும் அசையாது. எனவே "இன்னொரு தடவை சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்பது தவறு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வருவது பெரும்பாலும் இந்த வகைதான். பரிமாறுபவரின் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருகிற ஸ்டெஃபைலோகாக்கஸ் இன்னொன்று. அதன் நஞ்சும் சூட்டைத் தாங்கும். விரலில் சீழ்ப்புண்ணோடு கரண்டி பிடிக்கக் கூடாது என்று சொல்வது இதற்காக.

இங்கே நம் பழைய சமையலறை அறிவைப் பாராட்ட வேண்டும். கோயில்களில் புளியோதரை ஏன் இவ்வளவு பிடித்தமான பிரசாதம்? புளியின் அமிலத்தில் இந்தக் கிருமிகளால் எளிதில் பெருக முடியாது. எண்ணெய் தாராளம், ஈரப்பதம் குறைவு. எலுமிச்சைச் சாதமும் ஓரளவு இந்த வகை. இதற்கு நேர் எதிர் வெண்பொங்கலும் காய்கறி போட்ட சாம்பார் சாதமும். பருப்பு, ஈரம், சூடு மூன்றும் சேர்ந்தவை. ஆறு மணி நேரப் பயணத்துக்குச் சாம்பார் சாதத்தை ஏற்றிக்கொண்டு வருவதை விடப் புளியோதரை கட்டிக்கொண்டு வருவது எவ்வளவோ மேல். அதையும் சூடு ஆறாமல் பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்து நீர் கோத்து, புளியின் பலன் பாதி போய்விடும்.

நீர்மோரில் மோரை விடத் தண்ணீர்தான் பிரச்சினை. எந்தக் கிணறு, எந்த லாரி, குளோரின் போட்டதா என்பதைக் கேட்க வேண்டும். அதைவிடப் பெரியது ஐஸ். மீனையும் மருந்தையும் குளிர வைக்கிற ஐஸ் கட்டி உண்பதற்கானது அல்ல. அடையாளம் தெரிய அதில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. மோர்ப் பானையில் நீலக் கட்டி மிதந்தால் நகர்ந்துவிடுங்கள்.

## இலவசமும் நெரிசலும்

உணவு கெட்டால் வயிறு கெடும். கூட்டம் கெட்டால் உயிர் போகும். பௌர்ணமித் திருநாள்களை ஒட்டித் தமிழ்நாட்டிலேயே நடந்த இரண்டு விபத்துகள் போதும் இதைச் சொல்ல.

2019 ஏப்ரல் 21 அன்று திருச்சி மாவட்டம் துறையூர் அருகே முத்தையம்பாளையத்தில் கருப்பசாமி கோயிலில் சித்திரைப் பௌர்ணமி விழாவின் நிறைவில் பிடிக்காசு கொடுத்தார்கள். பூசாரி கையால் தரும் சில்லறைக் காசு அது. அதை வாங்கி வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்பது நம்பிக்கை. அங்கே ஏற்பட்ட நெரிசலில் 7 பேர் இறந்தார்கள்.

2023 பிப்ரவரி 4. மறுநாள் தைப்பூசம். வாணியம்பாடியில் தனியார் ஒருவர் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் கொடுத்த இடத்தில் நெரிசல். 4 பெண்கள் இறந்தார்கள். பணமோ உணவோ இல்லை, ஒரு டோக்கன்.

இரண்டிலும் கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பொதுவாக இத்தகைய நெரிசல் உருவாகும் விதம் ஒன்றுதான். முன்னால் நிற்பவருக்கு நகர இடம் இல்லை என்பது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பொருள் தீர்ந்துவிடுமோ என்ற பயம் பின்னாலிருந்து தள்ள வைக்கிறது. நுழைவும் வெளியேறும் வழியும் ஒன்றாக இருந்தால் வாங்கியவரும் வெளியே வர முடியாது.

கிரிவலப் பாதையில் கணக்கு இப்படி: ஒரே நேரத்தில் 3 லட்சம் பேர் பாதையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டருக்குப் பிரித்தால் சாலையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 21 பேர். சாலை அகலமாக இருப்பதாலும் எல்லோரும் ஒரே திசையில் நடப்பதாலும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு மினி லாரி நின்று பின்கதவைத் திறந்தவுடன் சாலையின் ஒரு பகுதி அடைபடுகிறது. வாங்க வேண்டியவர்கள் எதிர்த் திசையில் திரும்புகிறார்கள், குறுக்கே ஓடுகிறார்கள், வண்டியைச் சுற்றி வளையம் போடுகிறார்கள். வளையத்துக்குப் பின்னால் வருபவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. பாதையை விட்டு விலகிய திடலில் கொடு என்பதற்கும், நகரும் வண்டியிலிருந்து கொடுக்காதே என்பதற்கும் காரணம் இதுதான்.

2024ஆம் ஆண்டில் இந்தக் கவனம் இன்னும் கூடியது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த தீபத்துக்குப் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

## இலை, தட்டு, மிச்சம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதத் தட்டு எல்லாம் அதில் அடக்கம். பளபளப்பான 'பேப்பர் பிளேட்' என்று கடையில் கொடுப்பதில் உள்பக்கப் பூச்சு இருந்தால் அதுவும் தடைக்குள்தான். பாக்குமட்டைத் தட்டு, தொன்னை, மந்தாரை இலை ஆகியவற்றுக்குச் சிக்கல் இல்லை.

ஆனால் குப்பையில் பெரியது தட்டு இல்லை, சோறு. ஒரு சுற்றுக்குள் ஒருவர் கையில் நாலைந்து தடவை தொன்னை வந்துவிடும். முதலாவதைச் சாப்பிடுவார், இரண்டாவதில் பிரசாதமாக ஒரு வாய், மூன்றாவது சாலையோரத் திண்டில். விடிகாலையில் பார்த்தால் சில இடங்களில் தார்ச்சாலையில் தயிர்ச் சாதம் மிதிபட்டுக் கூழாகிக் கிடக்கும். வெறுங்காலில் வருகிற வயதானவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான்.

எனக்குப் படுவது இதுதான்: பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையில் உணவுக்குப் பஞ்சமே இல்லை. பசித்தவரை விடக் கொடுப்பவர்தான் அதிகம். அனுமதி முறையால் இதைத் தீர்க்க முடியாது. இத்தனை பேருக்குத்தான் இன்று அனுமதி என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அதே சாம்பார் சாதம் அதே ஏழு மணிக்கு அதே இடத்துக்கு வருவதை மாற்ற முடியாது.

## 'தானத்தில் அரசு தலையிடலாமா?'

மேற்பார்வை என்பது இப்போது புதிதாக வந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள், நாள்தோறும் உழக்கு நெய் என்று அளவோடு எழுதி வைத்தார்கள். ஆடு குறையக் கூடாது என்பதற்காகச் 'சாவா மூவாப் பேராடு' என்று கணக்கில் ஏற்றினார்கள். ஆட்டைப் பெற்று நெய் அளப்பது யார் பொறுப்பு என்பதையும் பெயரோடு பொறித்தார்கள். 'இது பன்மாகேஸ்வரர் ரட்சை', அதாவது சிவனடியார்களின் காவலில் உள்ளது, என்று முடித்தார்கள். அடியார்களுக்கு உணவிட விட்ட நிலங்களுக்கும் இதே போல வரவும் பொறுப்பும் உண்டு. கொடுத்தவர், பொறுப்பேற்றவர், அளவு மூன்றும் கல்லிலேயே இருந்தன.

இன்றைக்குப் பக்கத்து நாட்டிலும் இதுதான் நடைமுறை. இலங்கையில் பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமிக்குத் தெருவெங்கும் 'தன்சல்' போட்டு இலவசமாக உணவும் குளிர்பானமும் கொடுப்பார்கள். அவர்களும் அந்தந்தப் பகுதிச் சுகாதார அலுவலகத்தில் பதிய வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள்.

இதனால் இப்போதுள்ள முறையில் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. கிராமத்திலிருந்து வருஷா வருஷம் ஒரு குண்டான் கூழோடு வருகிறவர் இணையதளத்தில் எப்படி விண்ணப்பிப்பார்? கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்துத்தான். பெரிய அறக்கட்டளைக்கு இது ஒரு நாள் வேலை, அவருக்கு ஒரு நாள் கூலி. அறிவிப்பும் விழாவுக்குச் சில நாள் முன்பு வந்தால் அவருக்குப் போய்ச் சேரவே நேரம் இருக்காது. உள்ளாட்சி அலுவலகங்களிலேயே நேரில் பதியும் மேசையை ஒரு மாதம் முன்பே போட்டால் கசப்பு பாதி குறையும்.

## கொடுக்க நினைப்பவர்கள் கேட்பவை

1. பௌர்ணமியன்றுதான் கொடுக்க வேண்டுமா? வேண்டுதல் அப்படி என்றால் கொடுங்கள். ஆனால் கிரிவலப் பாதையில் வாழும் சாதுக்களுக்கு ஆண்டு முழுக்கப் பசிக்கும். பாதையோர ஆசிரமங்கள் சில, ரமணாசிரமம் உட்பட, அன்றாடம் அவர்களுக்கு உணவளிக்கின்றன. கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமைக்கு அங்கே கொடுக்கும் அரிசி முழுதும் வயிற்றுக்குப் போகும்.

2. கோயில் மூலம் கொடுக்க முடியுமா? முடியும். அறநிலையத் துறையின் கோயில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. இப்போது நாள் முழுவதும் அன்னதானம் நடக்கும் கோயில்களில் திருவண்ணாமலையும் ஒன்று. நன்கொடைக்கு ரசீது தருவார்கள். சமையலும் பாதுகாப்பும் கோயில் பொறுப்பு. உங்கள் கையால் பரிமாற முடியாது என்பதுதான் குறை. பலருக்கு அது பெரிய குறை என்பதும் உண்மை.

3. கையால் பரிமாறியே ஆக வேண்டும் என்றால்? திருவண்ணாமலையிலேயே, பாதைக்கு வெளியே, ஒரு மண்டபத்தில் சமையுங்கள். பயண நேரம் மிச்சம். ஒரே பெரிய அண்டாவுக்குப் பதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிய அளவில் இறக்குங்கள். வரிசைக்கு ஒரு நுழைவு, வேறொரு வெளிவழி வையுங்கள். தீர்ந்துவிட்டால் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு முதலில் சொல்லுங்கள். எல்லோரும் ஏழு மணிக்குக் கொடுக்கிறார்கள், நீங்கள் விடிகாலை மூன்று மணிக்குச் சுக்குக் காப்பி கொடுத்துப் பாருங்கள்.

4. இடைவிடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா? வடலூரில் நடக்கிறது. வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு அன்றிலிருந்து அணையவில்லை. சுற்று வட்டாரத்து மக்கள் தரும் அரிசியும் காய்கறியும் அங்கே சேர்கின்றன. தைப்பூசத்தில் ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம் நடக்கும்போது பெருங்கூட்டம் சாப்பிடும், மற்ற நாள்களில் பசித்து வருபவர்கள் சாப்பிடுவார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே வளாகத்தில் என்பதால் சாதம் லாரியில் ஆறு மணி நேரம் காத்திருப்பதில்லை.

5. மீந்தால் என்ன செய்வது? ஏரியிலோ புதரிலோ கொட்ட வேண்டாம், குரங்குகளுக்கும் வைக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததை இன்னொரு மனிதருக்குக் கொடுக்கவும் வேண்டாம். தனியாகக் கட்டி நகராட்சியின் மட்கும் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். தட்டை அதோடு கலக்கக் கூடாது. அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தப் பொறுப்பையும் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. ஆகவே அண்டாவோடு நாலு காலிச் சாக்கையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.